அப்பத்தா கேட்ட கறி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது வயதில், முதல் முறையாக வெள்ளாட்டுக்கறி சாப்பிட்டேன். வாரம் தவறாமல் கறி வேகும் வீட்டில் பிறந்தவள் நான். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் ஞாயிறு பதினொரு மணிக்கு எந்த வீட்டுக் குக்கர் எத்தனையாவது விசில் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்படி வளர்ந்தவள் "முதல் முறை" என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் வெந்தது செம்மறி. ஹோட்டலில் எங்காவது தெரியாமல் வெள்ளாடு சாப்பிட்டிருக்கலாம். இது இன்னது என்று தெரிந்து, கேட்டு வாங்கி, சமைத்துச் சாப்பிட்டது இதுதான் முதல்.

பெங்களூரில் கறிக்கடைக்குப் போய் அரைக்கிலோ மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் செம்மறிதான் வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. இங்கே கறி என்றாலே அதுதான். மிலிட்டரி ஹோட்டலில் ராகி முத்தையோடு (களி உருண்டை) வரும் சாறு, தொன்னை பிரியாணி, கால் சூப்பு எல்லாம் செம்மறியை நம்பி உண்டானவை. கன்னடத்தில் குழப்பமே கிடையாது. செம்மறி என்றால் குரி. வெள்ளாடு என்றால் ஆடு, அல்லது மேகே. நம் தமிழில்தான் ஆடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. மட்டன் என்ற சொல் வந்து சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது செம்மறிக்கறி, நமக்கு இரண்டுக்கும் அதுவே பெயர். இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் பதினேழு வருடம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தாத்தா இறந்த 1994-ஆம் வருடம் அப்பா ஊருக்குப் போய் அப்பத்தாவை அழைத்துவந்தார். மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு தகரப்பெட்டி, ஒரு அரிவாள்மனை, சாக்கில் சுற்றிய இரண்டு மண்சட்டி. மானாமதுரை மண் என்பதால் ரயிலில் அதை யார் கையிலும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை நான் ஊருக்குப் போனது மூன்றே முறை, மூன்றும் சாவுக்கு. சாவு வீட்டில் காரியம் முடியும்வரை கறி கிடையாது. அப்பாவுக்கு அவ்வளவு நாள் லீவும் கிடையாது. அதனால் ஊர்க் கறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. விடுமுறை எல்லாம் அம்மாவின் ஊரான கோலார் தங்கவயலில் போனது. அங்கேயும் செம்மறிதான்.

அப்பத்தா வந்த முதல் ஞாயிறு அம்மா தன் கைத்திறமை முழுவதையும் காட்டினாள். தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட குழம்பு, கைமா உருண்டை, நல்லி எலும்பு தனியாக. அப்பத்தா இரண்டு வாய் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "இது கறியா, தாயி?" என்று கேட்டாள். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான். ஆனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அம்மா மசாலாவைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். கசகசாவை விட்டாள். அம்மியில் அரைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆட்டுக்கறி இப்படி இருக்காதே" என்பாள் அப்பத்தா. அவள் குறை சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அம்மா காதில் அது "உனக்குச் சமைக்கத் தெரியவில்லை" என்றுதான் விழுந்தது. எந்த மருமகளுக்கும் அப்படித்தான் விழும். அம்மா மேல் எனக்கு இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழி மாதம் இங்கே குளிர் தெரியும். மதியம் வைத்த கறிக்குழம்பு ராத்திரிக்குள் மேலே வெள்ளையாக ஆடை கட்டிவிடும். செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறையும். அப்பத்தா அதைக் கரண்டியால் வழித்து ஓரமாக வைத்துவிட்டு, "வாய்க்குள்ள மெழுகு ஒட்டுது" என்பாள். எங்களுக்கு அந்த ஆடைதான் பிடிக்கும். சூடான இட்லி மேல் அது உருகி இறங்குவதற்காக நானும் தம்பியும் சண்டை போடுவோம். அதனால் அப்பத்தா சொன்னது எங்களுக்குப் பிடிவாதமாகத்தான் பட்டது.

ஒரு சித்திரையில் உப்புக்கண்டம் போட்டாள். கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் அரைத்துத் தடவி, நூலில் கோத்து மொட்டை மாடியில் கட்டினாள். பகலில் வெயில், ராத்திரி எடுத்து உள்ளே. ஊரில் நாலைந்து நாளில் விறகுபோலக் காய்ந்துவிடுமாம். இங்கே பத்து நாள் ஆகியும் விரலில் பிசுபிசுத்தது. அப்புறம் கோடை மழை வந்தது. காய்ந்த வரைக்கும் எடுத்துப் பொரித்தபோது காறல் வாடை வீடு முழுக்க. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். பெங்களூர் வெயில் போதவில்லை என்று அன்று எல்லாரும் முடிவு செய்துகொண்டோம். வெயில் பாதிக் காரணம்தான். கொழுப்பு ஓடிய கறி உப்புக்கண்டத்துக்கு ஆகாது. சதை காய்ந்தாலும் கொழுப்பு காயாது, காறிப்போகும். அது வெள்ளாட்டுக்கென்று ஏற்பட்ட பக்குவம்.

அதற்குப் பிறகு அவள் கறி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கறிக்குழம்பு, அவளுக்குத் தனியாகக் கருவாடு. அப்பத்தாவுக்குக் கருவாடு என்றால் உயிர் என்று வருகிறவர்களிடமெல்லாம் நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். 2011-இல் படுக்கையில் விழுந்தபோது ஒருநாள் தெளிவாக, "கொஞ்சம் ஆட்டுக்கறி குடுங்கப்பா" என்றாள். அப்பா ஓடிப்போய்ப் பெயர் பெற்ற ஒரு கடையில் எலும்பு சூப்பு வாங்கிவந்து ஸ்பூனால் ஊட்டினார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்புக்கு முடியவில்லை, நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்த வாரம் போய்விட்டாள்.

இதெல்லாம் அப்படியே கிடந்திருக்கும். போன வருடம் பக்ரீத்துக்குச் சில நாள் முன்பு அப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது சாம்ராஜ்பேட்டை மைதானத்துப் பக்கம் நெரிசலில் நின்றோம். வருடா வருடம் அங்கே பக்ரீத் சந்தை கூடும். ஒரு பக்கம் கொம்பு சுருண்ட கிடாக்கள், கட்டை குட்டையான பன்னூர் செம்மறிகள். மண்டியா இனம் என்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தொடையும் "ப" எழுத்தைக் கவிழ்த்தாற்போல இருக்கும், அவ்வளவு சதைப்பிடிப்பு. இன்னொரு பக்கம் காது தொங்கும் வடக்கத்தி ஆடுகள், ஓரமாக நாலைந்து கறுப்பு ஆடுகள். அந்தக் கறுப்பில் ஒன்று பின்னங்காலில் நின்றுகொண்டு வேலிக்கு அந்தப்புறம் இருந்த மரக்கிளையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. அப்பா மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா கேட்டது அது, பாப்பா" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வீடு வந்து சேருவதற்குள் புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், செம்மறி 45 லட்சம். கர்நாடகத்தில் அப்படியே தலைகீழ். செம்மறி 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல், வெள்ளாடு சுமார் 62 லட்சம். ஒசூரைத் தாண்டினால் கணக்கு புரண்டுவிடுகிறது. தமிழ்நாட்டிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. சேலம் பக்கம் மேச்சேரி செம்மறிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் வைகைக்குத் தெற்கே கரிசலும் செம்மண்ணும் கருவேலங்காடுமாகக் கிடக்கும் ஊர்களில் ஆடு என்றால் அது இலை கடிக்கும் ஆடுதான்.

இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அவ்வளவு நெருக்கம்கூட இல்லை. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. செம்மறி தலையைக் குனிந்து புல் மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தழை கடிக்கும், முள்ளுக்குள் வாயை விட்டு நெற்றைப் பறிக்கும். "ஆடு முட்டத சொப்பில்லா" என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு, ஆடு வாய் வைக்காத தழையே கிடையாது என்று. அப்படியும் அது தொடாத ஒன்றிரண்டு உண்டு. நம் ஆட்கள் அதைக் கவனித்துப் பெயரே வைத்துவிட்டார்கள், ஆடுதொடா, ஆடுதின்னாப்பாளை என்று. எந்த ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று அவ்வளவு தூரம் பார்த்துவைத்திருந்த சனத்தில் வந்தவள் அப்பத்தா. சின்ன வயதில் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தவள் அவள். அவளுக்கு நாக்கில் தெரிந்ததை நாங்கள் வயசான பிடிவாதம் என்று ஒதுக்கிவைத்தோம்.

கொழுப்பு விஷயமும் அப்போதுதான் பிடிபட்டது. செம்மறிக்குத் தோலுக்கு அடியிலும் சதைக்கு நடுவிலும் கொழுப்பு படரும். வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளே, குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேரும். கறியை வெட்டும்போது அது தனியாக வந்துவிடும். சதை கொழுப்பில்லாமல் சிவப்பாக நிற்கும். வாய்க்குள் மெழுகு என்று அவள் சொன்னது அப்படியே உண்மை.

வாங்குவது சுலபமாக இருக்கவில்லை. பக்கத்துப் பேட்டையில் ஒரு கடையில் வெள்ளாடுதான் என்று அடித்துச் சொல்லி, ஏற்கெனவே துண்டு போட்டு வைத்ததைத் தந்தார்கள். விலையும் கூடுதல். ஆசையாகச் சமைத்து மூடியைத் திறந்தேன். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, எழுந்து வராமலேயே, "இது குரி, பாப்பா" என்றார். நாற்பது வருடம் இந்த வாசனையோடு இருந்த எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்கு மூக்கிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் பேசாமல் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் சிவாஜிநகர் போனேன். 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிப் போகும் சந்துகளில் விடியற்காலையே கறி தொங்கிவிடும். எதிரே மரியன்னை பேராலயத்துக்குப் பூசைக்குப் போகிறவர்கள், மார்க்கெட் முன்னால் பூ மூட்டை, உள்ளே தமிழும் உருதுவும் கன்னடமும் கலந்த சத்தம். நாலு கடையில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு வயசான பாய். நான் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"அல்சூர்தான் பாய். அப்பா ஊரு மானாமதுரை."

"அதானே பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு உருப்படி போடுவேம்மா. கேக்கறவங்க கம்மி. பிரியாணிக்கு வர்றவங்க கொழுப்பு இல்லேன்னு திரும்பிடுவாங்க."

வால் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். உரித்துத் தொங்கவிடும்போது வாலை மட்டும் முடியோடு விட்டுவைப்பார்கள், அது வாங்குகிறவர்களுக்கான அத்தாட்சி. வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும். செம்மறி வால் தொங்கும். துண்டு போட்ட கறியை வாங்காதீங்க, கண் முன்னால வெட்டச் சொல்லுங்க என்றார். அப்புறம் தாடையைத் திறந்து பல்லைக் காட்டினார். பால்பல் விழுந்து முதல் இரண்டு பெரிய பல் வர ஒரு வயது தாண்ட வேண்டும். இதற்கு இன்னும் பால்பல்தான், இளங்கறி. முன்னந்தொடையும் நெஞ்செலும்பும் கலந்து ஒரு கிலோ போட்டுக்கொடுத்தார். மற்ற கடைகளில் எனக்கு இருந்த தயக்கம் அவர் முன்னால் வரவில்லை. இருபது நிமிடம் நின்று பேசினேன்.

என்ன சமைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்புக்கறி. சிவகங்கைச் சீமைப் பக்குவம். நல்லெண்ணெய், விதை தட்டிய வரமிளகாய், உரித்த சின்ன வெங்காயம் முழுசாக, பூண்டு, மஞ்சள், உப்பு. மல்லித்தூள் கிடையாது, பட்டை கிராம்பு கிடையாது, தேங்காய் கிடையாது. கறியின் ருசியை மறைக்க இதில் ஒன்றுமே இல்லை. அப்பத்தா இந்த வீட்டில் இரண்டு முறை செய்துவிட்டு அதோடு நிறுத்திவிட்டாள், அது ஏன் என்பதும் இப்போது தெரிகிறது.

குக்கர் வேண்டாம், அவளுடைய சட்டியில்தான் என்று முடிவு செய்தேன். இரண்டில் ஒன்று இன்னும் முழுசாக இருக்கிறது. எண்ணெய் காய்ந்து, மிளகாய் கறுக்காமல் சிவந்து, வெங்காயம் வதங்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, கறியே விட்ட தண்ணீரில் மூடி வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கடித்துப் பார்த்தால் ரப்பர். வெந்நீர் தெளித்து மறுபடி மூடினேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பல்லில் இழுத்தது. வெள்ளாட்டில் சதையைக் கட்டி வைத்திருக்கும் நார்த்திசு சுலபத்தில் இளகாது, நிதானமான சூட்டில் நேரம் கொடுத்தால்தான் கரைந்து பசையாகும். அதோடு இந்த ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. "இந்த ஊர்ல பருப்புகூட வேக மாட்டேங்குது" என்பாள் அப்பத்தா. அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இரண்டு மணி நேரம் ஆனது. தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து, வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டியிருந்தது. சோறு, ரசம், உப்புக்கறி. வேறு எதுவும் வைக்கவில்லை.

முதல் வாயில் எனக்கு ஏமாற்றம்தான். நான் கறி என்று அறிந்திருந்த ஏதோ ஒன்று அதில் இல்லை. செம்மறியின் ருசி கொழுப்பில் இருக்கிறது, நாக்கில் பட்டதும் வந்துவிடும். இதில் அப்படி எதுவும் வரவில்லை. மெல்ல வேண்டியிருந்தது. மென்றால் நார் நாராகப் பிரிந்தது, பிரியும்போது மெல்லிய ஒரு இனிப்பு, அதற்குப் பின்னால் பச்சைத் தழையைக் கசக்கினால் வருவதைப் போல ஒரு வாசம். விழுங்கிய பிறகும் அந்த ருசி கொஞ்ச நேரம் இருந்தது. தண்ணீர் குடித்தேன். மேலண்ணம் சுத்தமாக இருந்தது, ஒட்டவே இல்லை. இரண்டாவது துண்டு நெஞ்செலும்பு. அதைக் கடிக்கும்போது ஏமாற்றம் போய்விட்டது. நாலாவது துண்டில் எனக்கு அழுகை வந்தது, ருசிக்காக இல்லை. பிரியாணிக்கு இன்றும் நான் செம்மறிதான் கேட்பேன், அந்தக் கொழுப்பு இல்லாமல் அரிசி மணக்காது. ஆனால் இது வேறு. இதை ஒருத்தி பதினேழு வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா எதுவும் பேசாமல் சாப்பிட்டாள். இரண்டாவது முறை தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அத்தை இதைத்தான் கேட்டாங்களா?" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்ல. என் கை சரியில்லைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட், ஞாயிறு ஒருநாள், கறிக்கடை தெருமுனையில் இருந்தது, அப்பத்தாவும் இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொள்வாள் என்று நினைத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "போய்த் தேடலை. அவ்வளவுதான்" என்றார். நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. சமாதானப்படுத்த எனக்கு என்ன இருக்கிறது? அதே வீட்டில் அதே பதினேழு வருடம் நானும்தான் இருந்தேன். கருவாடு என்றால் அவளுக்கு உயிர் என்று நானும்தான் சொன்னேன்.

சட்டியில் மிச்சமிருந்த மசாலாவில் அம்மா சோற்றைப் போட்டுப் பிரட்டி மூன்று உருண்டை பிடித்தாள். ஆளுக்கு ஒன்று. அப்பத்தா சட்டியை வழிக்கும்போது செய்வதைப் போலவே செய்தாள், அவளுக்கே அது தெரிந்ததா என்று தெரியவில்லை. அப்புறம் கை கழுவிக்கொண்டே, பிள்ளை பெற்று வந்த சமயத்தில் அத்தை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிவரச் சொல்லித் தனக்குச் சுட்டுக் கொடுத்ததைச் சொன்னாள். தம்பி பிறந்த வருடம் அப்பத்தா உதவிக்கு வந்து ஒரு மாதம் இருந்தாளாம், எனக்கு ஞாபகமில்லை. ரத்தம் ஊற வேண்டும் என்று வாரம் ஒன்று. அதுவும் செம்மறியுடையதுதான். "அதுலயும் நல்லதா இருக்குமோ வெள்ளாட்டோடது?" என்றாள் அம்மா.

பாய்க்குப் போன் போட்டேன். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், இரண்டு உருப்படிக்கு இரண்டு, காலை ஆறு மணிக்குள் வந்தால் உண்டு, அதற்கப்புறம் யாராவது கர்ப்பிணி வீட்டில் வாங்கிப் போய்விடுவார்கள் என்றார். வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். அம்மாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். அவளுக்கு வாலைப் பார்க்க வேண்டுமாம்.